அமெரிக்க நிக்கல் காந்தத்தில் ஒட்டவில்லை, கனடா நிக்கல் ஒட்டுகிறது. ஏன்?

வெண்மதி:

மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். இறங்கிய துறைமுகங்களில் செலவு போக மிஞ்சிய சில்லறையை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்த டப்பா இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. நாடு வாரியாகப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று கிடந்தது. சும்மா ஒவ்வொரு காசாகத் தொட்டுப் பார்த்தேன். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசை அங்கே எல்லாரும் நிக்கல் என்றுதான் சொல்கிறார்கள். இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றையும் காந்தம் இழுக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் நிக்கல் காசு ஒட்ட வேண்டும் அல்லவா? 1964, 1977, 1985 என்று கையில் இருந்த எதுவும் அசையவில்லை. ஆனால் 1965-ஆம் ஆண்டுக் கனடா ஐந்து சென்ட், பீவர் படம் போட்டது, டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. அதே நாட்டின் 1990 காசு ஒட்டவில்லை. சுவிட்சர்லாந்தின் பழைய இருபது ராப்பன் ஒட்டுகிறது. ஒரு யூரோவில் நடுவட்டம் மட்டும் லேசாக இழுபடுகிறது, வெளிவளையம் கண்டுகொள்வதே இல்லை.

இதில் எது உண்மையான நிக்கல்? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மலிவான கம்மல் போட்டால் எனக்குக் காது மடல் சிவந்து நீர் கோத்துக்கொள்ளும். மருத்துவர் நிக்கல் ஒவ்வாமை என்றார். இந்தக் காசுகளை இப்படி மணிக்கணக்கில் அளைந்துகொண்டிருக்கலாமா?


கதிரவன்:

காந்தம் ஒட்டாத நிக்கல் என்றால் போலியாகத்தான் இருக்கும். துறைமுகத்தில் உங்கள் மாமாவை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்.


பட்டறை மாணிக்கம்:

போலி இல்லை தம்பி, அவசரப்படாதீர்கள். ஐந்து சென்ட் காசைப் போலி செய்து யார் பிழைக்க முடியும்?

அமெரிக்க நிக்கலில் 75 விழுக்காடு செம்பு, 25 விழுக்காடுதான் நிக்கல். 1866-இல் முதன்முதலில் அடித்ததிலிருந்து இதே கலவைதான். இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் மட்டும் மாற்றினார்கள். பேர்தான் நிக்கல், தராசில் வைத்தால் முக்கால்வாசி செம்பு.

'சரி, கால்வாசி இருக்கிறதே, அந்த அளவுக்காவது இழுபட வேண்டாமா' என்று அடுத்த கேள்வி வரும். நான் முலாம் பட்டறையில் சேர்ந்த புதிதில் எங்கள் மேஸ்திரியிடம் இதையேதான் கேட்டேன். 'அது உருகிக் கலந்துபோச்சுப்பா' என்று சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில்.

செம்பையும் நிக்கலையும் சேர்த்து உருக்கினால் ஒன்றின் துகள் தனியாக, மற்றொன்றின் துகள் தனியாக இருக்காது. எந்த விகிதத்தில் போட்டாலும் அணுவோடு அணுவாகக் கலந்து ஒரே படிகமாக உறையும். அணு எண்ணில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை, நிக்கல் 28, செம்பு 29. நிக்கலுக்குக் காந்த குணம் வருவதே அதன் எலக்ட்ரான் அடுக்கில் கொஞ்சம் இடம் நிரம்பாமல் கிடப்பதால்தான். செம்பு அணு கூடுதலாக ஓர் எலக்ட்ரானோடு வந்து சேர்கிறது. காலி நாற்காலியைக் கண்டால் உட்காருகிற ஆள் மாதிரி அது அந்த இடத்தை அடைத்துவிடும். செம்பு ஏற ஏறக் காந்த குணம் இறங்கிக்கொண்டே வரும். செம்பு 60 விழுக்காட்டை எட்டும்போது எவ்வளவு குளிரவைத்தாலும் அது திரும்பாது. 75 விழுக்காட்டில் தேடினால் என்ன கிடைக்கும்?

இதைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் மோனெல் 400 துண்டு ஒன்று தேடிப் பிடியுங்கள். கடல்நீர் பம்புத் தண்டு, வால்வு எல்லாம் அதில் செய்வார்கள். மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் போனால் காந்தத்துக்கு மசியாது, அதைக் கியூரி வெப்பநிலை என்பார்கள். மோனெலுக்கு அது கலவையைப் பொறுத்து 21 முதல் 49 டிகிரிக்குள் விழும், அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் சூட்டை ஒட்டியே. பட்டறையில் கழித்துப்போட்ட வால்வுத் தண்டு ஒன்று இருந்தது. ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் காந்தம் பிடிக்கும். கொதிநீரில் முக்கி எடுத்தால் காந்தம் வழுக்கிக்கொண்டு கீழே விழும். புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் பாடம் அதுதான். சுத்த நிக்கலுக்கு அந்த எல்லை சுமார் 355 டிகிரி. உங்கள் கனடாக் காசை அடுப்பில் வைத்துச் சோதிக்காதீர்கள், பாவம்.

அந்தக் கனடாக் காசுதான் நிஜமான நிக்கல். ஒன்டாரியோவில் சட்பரி என்ற இடத்தில், சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் விண்கல் ஒன்று மோதிய பள்ளத்தை ஒட்டி நிக்கல் தாது குவிந்து கிடக்கிறது. 1883-இல் ரயில் பாதை போட நிலத்தை வெட்டியபோது கண்ணில் பட்டது. வீட்டிலேயே இவ்வளவு இருக்க வெளியில் தேடுவானேன் என்று 1922-இல் ஐந்து சென்ட்டைச் சுத்த நிக்கலிலேயே அடிக்க ஆரம்பித்தார்கள். நடுவில் சில ஆண்டுகள் தவிர 1981 வரை அப்படித்தான். 1982-இல் அவர்களும் செம்பு-நிக்கலுக்கு மாறினார்கள், அதனால்தான் உங்கள் 1990 காசு ஒட்டவில்லை. சுவிஸ் 20 ராப்பன் இன்னும் மூத்தது, சுத்த நிக்கலில் காசு அடித்த முதல் நாடு அவர்கள்தான், 1881-இல்.

யூரோவின் நடுவட்டம் மூன்று அடுக்கு. நடுவில் மெல்லிய சுத்த நிக்கல் தகடு, மேலும் கீழும் செம்பு-நிக்கல். உங்கள் காந்தம் பிடித்தது உள்ளே ஒளிந்திருக்கும் அந்தத் தகட்டைத்தான். காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்கள் நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்துச் சொல்ல அந்த அடுக்கு உதவுகிறது.

ஒட்டியதையெல்லாம் நிக்கல் பக்கம் ஒதுக்கிவிடாதீர்கள். 2000-க்குப் பிறகு வந்த கனடா ஐந்து சென்ட் பெரும்பாலும் மறுபடி ஒட்டும். அது உருக்கு, மேலே நிக்கலும் செம்பும் மாறி மாறி முலாம். மொத்த எடையில் நிக்கல் 2 விழுக்காடுதான். எனக்குத் தொழில் முலாம் என்பதால் அந்தக் காசின்மேல் தனிப் பாசம் உண்டு, ஆனால் அதை நிக்கல் என்று கூப்பிட வாய் வராது.

25 விழுக்காட்டுக்குக் காந்தத்தை இழுக்க வலு இல்லை, நிறத்தை மாற்ற வலு உண்டு. முக்கால் பங்கு செம்பு இருந்தும் காசில் சிவப்பின் சாயல்கூட இல்லை, பார்த்தீர்களா?


வெண்மதி:

மாணிக்கம் ஐயா, மிக்க நன்றி. மோனெல் எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது, ஆனால் புரிந்துவிட்டது. இன்னும் ஒன்று. எவர்சில்வரிலும் நிக்கல் இருக்கிறது என்கிறார்கள். அங்கே இரும்பே முக்கால்வாசி, கூடவே நிக்கல். இரண்டும் காந்தத்துக்கு மசிகிறவை. ஆனாலும் நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்கிறார்களே?


செல்லாக்காசு:

எவர்சில்வரை மாணிக்கம் அண்ணன் பார்த்துக்கொள்வார். நான் காசு சேர்க்கிறவன், காசுக் கதையைச் சொல்கிறேன்.

இந்த உலோகத்துக்குப் பேர் வந்த கதை சின்னது. ஜெர்மன் சுரங்கக்காரர்களுக்குச் செம்பு மாதிரி சிவந்த தாது ஒன்று கிடைத்தது. எவ்வளவு உருக்கியும் செம்பு வரவில்லை, ஆர்சனிக் நச்சுப்புகைதான் வந்தது. குட்டிச்சாத்தான் வேலை என்று அதற்குக் 'குப்பர்நிக்கல்', அதாவது செம்புச் சாத்தான் என்று பேர் வைத்தார்கள். சுவீடனின் ஆக்செல் கிரோன்ஸ்டெட் 1751-இல் அந்த மாதிரித் தாதுவிலிருந்து புது உலோகத்தைப் பிரித்தார், செம்பை வெட்டிவிட்டுச் சாத்தானை மட்டும் பேரில் வைத்துக்கொண்டார். ஆனால் பேர் தெரியாமலே இந்த உலோகத்தைக் காசாக்கியவர்கள் உண்டு. கிமு 2-ஆம் நூற்றாண்டில் பாக்ட்ரியாவை, இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியை, ஆண்ட கிரேக்க மன்னர்கள் செம்பு-நிக்கல் காசு அடித்திருக்கிறார்கள். கலவை ஏறக்குறைய இன்றைய அமெரிக்க நிக்கலை ஒட்டியே வருகிறது.

அமெரிக்காவில் முதலில் நிக்கல் என்று செல்லப்பேர் வாங்கியது ஐந்து சென்ட் அல்ல. 1857-இல் வந்த ஒரு சென்ட், 12 விழுக்காடு நிக்கல் கலந்தது, அதைத்தான் மக்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. வெள்ளிக்காசைக் கண்டவர்கள் எல்லாம் பதுக்கினார்கள், கடையில் மீதிச் சில்லறை கொடுக்க வழியில்லை. அரசாங்கம் ஐந்து சென்ட்டுக்கெல்லாம் காகித நோட்டு அடித்தது. அந்த நோட்டில் தன் படத்தையே போட்டுக்கொண்டார் அச்சடிப்புப் பொறுப்பில் இருந்த ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரி. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொதித்துப்போய், உயிரோடு இருப்பவர் படம் பணத்தில் வரக்கூடாது என்று சட்டம் போட்டது. ஐந்து சென்ட் நோட்டும் போனது, அந்த இடத்துக்கு 1866-இல் நிக்கல் காசு வந்தது. பென்சில்வேனியாவில் நிக்கல் சுரங்கம் வைத்திருந்த ஜோசப் வார்ட்டனுக்குக் காங்கிரசில் நண்பர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் காசு கேடயம் போட்டது. உலோகம் கடினம், அச்சுகள் படபடவென்று உடைந்தன. கேடயத்துக்குப் பின்பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே இருந்த கதிர்களை 1867-லேயே எடுத்துவிட்டார்கள். 1883-இல் வந்த அடுத்த வடிவம் இன்னும் வேடிக்கை. பின்புறம் ஐந்து என்பதற்கு ரோமன் எண் மட்டும் போட்டு, சென்ட் என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். ஐந்து டாலர் தங்கக்காசும் கிட்டத்தட்ட அதே அளவு. நிக்கலுக்குத் தங்கமுலாம் பூசி ஐந்து டாலர் என்று தள்ளிவிட ஆட்கள் கிளம்பினார்கள். அதே ஆண்டிலேயே சென்ட் என்ற சொல் காசில் ஏறியது.

கதிரவன் போலி என்றாரே, அதற்கும் ஒரு கதை உண்டு. வெண்மதி, உங்கள் டப்பாவில் 1942 முதல் 1945 வரை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால் அப்போது காசில் நிக்கலே போடவில்லை. 56 விழுக்காடு செம்பு, 35 வெள்ளி, 9 மாங்கனீசு. பின்புறம் முன்னாள் அதிபர் ஜெபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகைக் கூரைக்கு மேலே, காசு அடித்த ஊரைக் குறிக்கும் ஓர் எழுத்து பெரிதாக இருக்கும், பி அல்லது டி அல்லது எஸ். பிலடெல்பியா நாணயச்சாலை தன் எழுத்தைக் காசில் போட்டது அதுதான் முதல் தடவை. 1944-ஆம் ஆண்டுக் காசைப் போலி செய்த ஹென்னிங் என்பவர் அந்தப் பெரிய எழுத்தைப் போட மறந்துவிட்டார். அதிலேயே மாட்டினார். இன்று 'ஹென்னிங் நிக்கல்' என்று அந்தப் போலியையே காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆக, ஐந்து சென்ட்டைப் போலி செய்யவும் ஆள் இருந்திருக்கிறார், மாணிக்கம் அண்ணா!

கனடாவும் போரில் நிக்கலை நிறுத்தியது. 1942-இல் வந்தது டொம்பாக், செம்பும் துத்தநாகமும் கலந்தது, பன்னிரண்டு பக்கம். ஒரு சென்ட்டோடு குழம்பாமல் இருக்கத்தான் அந்தப் பக்கங்கள். 1943-லிருந்து வெற்றிக்கு அடையாளமான 'வி' எழுத்துப் போட்ட காசில் விளிம்பை ஒட்டிப் புள்ளியும் கோடுமாக ஓடும். அது மோர்ஸ் குறி, மனம் வைத்து உழைத்தால் வெல்வோம் என்று பொருள். காசில் இப்படி ரகசியமாக எழுதி வைத்தவனைக் கும்பிட வேண்டும்.

மற்றபடி அமெரிக்காவில் நிக்கல் என்றால் ஐந்து என்றே ஆகிவிட்டது. நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1904 முதல் 1948 வரை ஒரு நிக்கல்தான் கட்டணம். ஐந்து சென்ட் வாங்கிப் படம் காட்டிய கொட்டகைக்கு நிக்கலோடியன். அவர்கள் கால்பந்தில் ஐந்தாவது தடுப்பாட்டக்காரரைக்கூட நிக்கல் என்கிறார்கள். 'மர நிக்கல் வாங்கிக்கொள்ளாதே' என்றால் ஏமாந்துவிடாதே என்று அர்த்தம்.

இப்போது அந்த ஐந்தை அடிக்கவே 2024 நிதியாண்டுக் கணக்குப்படி 13.78 சென்ட் செலவு. 2006-லிருந்தே முகமதிப்பைவிடச் செலவு அதிகம். உருக்கி விற்றால் லாபம் என்று யாராவது கிளம்பிவிடுவார்கள் என்று அந்த ஆண்டே உருக்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை போட்டார்கள். பயணி ஒருவர் ஐந்து டாலர் மதிப்புக்குச் சட்டைப்பையில் கொண்டுபோகலாம், அவ்வளவுதான்.

சமையலறைத் தராசு சரியா என்று பார்க்கவும் நிக்கல் உதவும். புதுக் காசு மிகச் சரியாக 5 கிராம்.


பட்டறை மாணிக்கம்:

செல்லாக்காசு, ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த ஆளும் பிழைக்கவில்லையே.

எவர்சில்வருக்கு வருகிறேன். இரும்பு அணுக்கள் அடுக்கி நிற்கும் விதம் இரண்டு. சாதாரணச் சூட்டில் நிற்கும் அடுக்குக் காந்தத்துக்கு மசியும். நல்ல சூட்டில் வேறு அடுக்குக்கு மாறும், அதற்கு ஆஸ்டினைட் என்று பேர், அது மசியாது. ஆறும்போது பழைய அடுக்குக்கே திரும்பிவிடும். நிக்கல் சேர்த்தால் ஆறிய பிறகும் ஆஸ்டினைட்டாகவே நிற்கும். 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காட்டுக்குக் குறையாது. இங்கே நிக்கல் தன் காந்தத்தைக் கொடுக்கவில்லை, இரும்பின் காந்தத்தையும் சேர்த்து முடக்கிவிடுகிறது. வினோதமான உலோகம்தான்.

காந்தத்தை எடுத்துக்கொண்டு எவர்சில்வர் கழுவுதொட்டியைத் தடவிப் பாருங்கள். சமதளத்தில் ஒட்டாது. மூலையில், தகட்டை அழுத்தி வளைத்த இடத்தில், லேசாக இழுக்கும். அழுத்தத்தில் அடுக்கு குலைந்து பழைய பக்கம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். தகடு மட்டரகம் என்று அர்த்தம் இல்லை. நிக்கல் இல்லாத 430 ரகம் எங்கே வைத்தாலும் ஒட்டும். 200 வரிசை என்று ஒன்று உண்டு, நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றியது. அதிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் துரு சீக்கிரம் பிடிக்கும். காந்தம் ஒன்றை மட்டும் நம்பி எவர்சில்வர் வாங்குகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

உலகத்தில் எடுக்கிற நிக்கலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எவர்சில்வருக்கே போகிறது. காசுக்குப் போவது துளி. விமான எஞ்சின் சுழலியின் தகடு, மின் அடுப்பில் சிவக்கும் நிக்ரோம் கம்பி, மின்கார் மின்கலம், வனஸ்பதி செய்ய எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றும் தூள் என்று மீதி பிரியும். 36 விழுக்காடு நிக்கல் கலந்த இன்வார் என்ற இரும்பு சூட்டுக்கு விரிவதே தெரியாது. நில அளவை நாடாவும் கடிகார ஊசலும் அதில் செய்தார்கள். கண்டுபிடித்த கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு. சந்தையில் நிக்கல் அடிக்கிற கூத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, அன்றைய வியாபாரத்தையே ரத்து செய்தார்கள். அடுத்த ஆண்டு, கிடங்கில் நிக்கல் என்று கணக்கில் இருந்த சில மூட்டைகளைப் பிரித்தால் உள்ளே கல்.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. சைக்கிள் கைப்பிடி, தண்ணீர்க்குழாய் என்று பளபளப்பாக இருப்பதை எல்லாரும் குரோம் என்கிறார்கள். குரோம் அரை மைக்ரான்கூட இருக்காது. அடியில் இருபது மைக்ரான் அளவுக்கு நிக்கல் உட்கார்ந்திருக்கிறது, துருவைத் தடுப்பதும் வழவழப்பைக் கொடுப்பதும் அதுதான். தொட்டியில் நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம். 1916-இல் வாட்ஸ் என்பவர் சொன்ன கலவை, இன்றும் அடிப்படை மாறவில்லை. கரைசல் நல்ல மரகதப் பச்சை, 55 டிகிரிச் சூடு. பொருளைத் தொங்கவிட்டதும் அதன்மேல் ஹைட்ரஜன் குமிழி வந்து உட்காரும். ஆட்டிவிடாமல் விட்டால் குமிழி நின்ற இடத்தில் முலாம் பிடிக்காது, எடுத்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது மாதிரி குழி. கம்பியை எப்போது அசைக்க வேண்டும் என்பது கை பழகினால்தான் வரும். நிக்கல் உழைக்கும், பேர் குரோமுக்கு. காசில் செம்பு உழைக்கும், பேர் நிக்கலுக்கு. சரியாகப் போயிற்று.


செவிலி ஆயிஷா:

வெண்மதி, ஒவ்வாமைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தோல்நோய்ப் பிரிவில் இருக்கிறேன், இது தினமும் பார்க்கிற விஷயம்.

பொருளில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட, வியர்வை பட்டால் எவ்வளவு கரைந்து வெளியே வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 316 ரக எவர்சில்வரில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் உண்டு, ஆனாலும் மேலே இருக்கும் குரோமிய ஆக்சைடுப் படலம் அதைப் பூட்டி வைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. மலிவுக் கம்மலில் பித்தளைமேல் நிக்கல் முலாம், அதன்மேல் கண்துடைப்புக்குத் தங்க நிறம். நிறம் தேய்ந்ததும் நிக்கல் நேராகத் தோலில் படுகிறது. கரைந்த நிக்கல் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, உடம்பு அதை எதிரியாகப் பதிந்து வைத்துக்கொள்கிறது. ஒருமுறை பதிந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பட்டவுடன் தெரியாது என்பதுதான் தொல்லை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும், அதற்குள் எதனால் வந்தது என்று மறந்துபோயிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் இதற்கென்றே விதி கொண்டுவந்தது. தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக்கூடாது. குத்திய துளைக்குள் போகும் கம்மல் தண்டுக்கு அது இப்போது 0.2. யூரோவில் 10, 20, 50 சென்ட் காசுகளில் நிக்கலே இல்லை. ஒரு யூரோ, இரண்டு யூரோ காசுகள்தான் விதிவிலக்கு.

காசை எண்ணிப் பிரிப்பதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. தொட்டு வைத்துவிடுகிறோம். வியர்த்த கையில் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் துணிக் கையுறை போடுங்கள். நாள் முழுக்கச் சில்லறை கையாளும் காசாளர்களுக்குத்தான் கையில் படை வருவதைப் பார்க்கிறோம்.

கம்மலுக்கு டைமெத்தில்கிளையாக்சைம் சோதனைப் பொட்டலம் கிடைக்கிறது. அதில் இருக்கும் இரண்டு திரவத்திலும் ஒவ்வொரு சொட்டைப் பஞ்சுக்குச்சியில் விட்டு உலோகத்தில் அரை நிமிடம் தேய்க்க வேண்டும். பஞ்சு ரோஜா நிறமானால் நிக்கல் கரைந்து வருகிறது. அட்டையில் நிக்கல் இல்லை என்று எழுதியிருந்த கம்மலில் பஞ்சு பளிச்சென்று சிவந்ததை நானே பார்த்திருக்கிறேன். டைட்டானியம் வாங்கிவிடுங்கள், கவலை விட்டது. வெள்ளைத் தங்கம் என்றால் நிக்கல் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஜெர்மன் சில்வர் பக்கமே போகாதீர்கள், அதில் வெள்ளி கிடையாது, செம்பும் துத்தநாகமும் நிக்கலும்தான்.


வெண்மதி:

ஆயிஷா, சோதனைப் பொட்டலம் வாங்கப் போகிறேன், என் கம்மல் பெட்டியில் பாதி காலியாகும் என்று நினைக்கிறேன். மாணிக்கம் ஐயா, கழுவுதொட்டி மூலையில் நீங்கள் சொன்னபடியே இழுத்தது!

செல்லாக்காசு, டப்பாவில் 1943 ஒன்று இருக்கிறது, கூரைக்கு மேல் பெரிய பி எழுத்தோடு. மற்றவற்றைவிட மங்கி, கருத்த சாம்பல் நிறம். வெள்ளி என்று தெரியாமல் அடியில் போட்டு வைத்திருந்தேன். இன்னொன்று, ஒரு பக்கம் காட்டெருமை, மறுபக்கம் செவ்விந்தியர் தலை. ஆண்டு இருக்க வேண்டிய இடம் முழுக்கத் தேய்ந்து வழவழ என்று இருக்கிறது. கண்டுபிடிக்க வழி உண்டா? இரண்டையும் பாலிஷ் போடலாமா?


செல்லாக்காசு:

பாலிஷ் கூடவே கூடாது. மாங்கனீசால் அந்த நிறம் வருகிறது, விட்டுவிடுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பவர்கள் கையால் தொட மாட்டார்கள்.

எருமைக்காசு 1913 முதல் 1938 வரை வந்தது. பிரேசர் என்ற சிற்பி செய்தது. என்னைக் கேட்டால் அமெரிக்கக் காசுகளிலேயே அழகானது, ஆனால் ஆண்டு எண்ணைக் காசின் மேட்டுப் பகுதியில் வைத்துவிட்டார்கள், முதலில் தேய்வது அதுதான். பெர்ரிக் குளோரைடு என்ற அமிலக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் எண் மங்கலாகத் திரும்ப எழும். அச்சு அழுத்திய இடத்தில் உலோகம் இறுகியிருப்பதால் அங்கே அமிலம் வேறு மாதிரி அரிக்கும். ஆனால் அந்த இடத்தில் சொரசொரவென்று தழும்பு விழும், காசின் மதிப்பும் விழும். செய்யாதீர்கள்.

அமிலம் இல்லாமலே ஓரளவு சொல்லலாம். எருமையின் காலுக்குக் கீழே பாருங்கள். ஐந்து சென்ட் என்ற எழுத்து உப்பிய மேட்டின் மேலேயே இருந்தால் அது 1913 மட்டுமே. எழுத்தும் சீக்கிரம் தேய்கிறது என்று அதே ஆண்டு நடுவில் மாற்றிவிட்டார்கள். தரை நேர்கோடாக இருந்து, எழுத்து அதற்குக் கீழே பள்ளத்தில் இருந்தால் அதற்குப் பிந்தியது. எழுத்துக்கு அடியில் சின்னதாக டி அல்லது எஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் பிலடெல்பியா.


வெண்மதி:

நேர்கோடு. எழுத்து பள்ளத்தில்தான் இருக்கிறது. அடியில் டி தெரிகிறது, பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன்.


செல்லாக்காசு:

டென்வர் நாணயச்சாலை, 1913 பிற்பகுதி முதல் 1938-க்குள். உறைமேல் அப்படியே எழுதி வையுங்கள். எருமைக்கு நான்கு காலும் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். 1937-இல் டென்வரில் அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததில் முன்னங்கால் ஒன்று காணாமல் போன காசு உண்டு, அதற்கு நல்ல விலை.


வெண்மதி:

நாலும் இருக்கிறது!